குதிரை, வில், கால்சட்டை

குதிரை மீதிருந்து அம்பு எய்யக் கற்றுக்கொள்ள வருகிறவன் முதலில் செய்ய வேண்டியது கடிவாளத்தைக் கைவிடுவது. வில்லைப் பிடிக்க ஒரு கை, நாணை இழுக்க ஒரு கை. கடிவாளத்துக்கென்று மூன்றாவது கை மனிதனுக்கு இல்லை. எனவே அதுவரை குதிரையிடம் கையால் சொல்லிவந்ததை எல்லாம் இனித் தொடையாலும் முழங்காலாலும் உடலின் பாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தியும் சொல்லப் பழக வேண்டும். குதிரையேற்றமும் வில்வித்தையும் தனித்தனியே நன்றாகத் தெரிந்தவன்கூட இந்த இடத்தில் புதியவன்தான். இரண்டு வித்தைகளைக் கூட்டினால் மூன்றாவது வித்தை தானாக வந்துவிடுவதில்லை.

இன்று இதை விளையாட்டாகக் கற்பிக்கிறவர்கள் பொதுவாக ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறார்கள். முதலில் தரையில், வலுக் குறைந்த வில்லோடு, பார்க்காமலே அம்பை நாணில் பொருத்துவது. ஓடும் குதிரை மேல் கண் கைக்குத் திரும்பினால், மறுபடி நிமிர்வதற்குள் குறி பின்னால் போயிருக்கும். அடுத்து, வில் இல்லாமல், கடிவாளத்தைக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டுச் சவாரி. முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு பாய்ச்சல். குதிரைக்கும் தனியே பாடம் உண்டு. நாண் அதிரும் ஓசைக்கும், கண்ணோரத்தில் அம்பு பறந்து போவதற்கும் அது மிரளாமல் இருக்க வேண்டும். எல்லாம் சேருவது கடைசியில்தான். ஜப்பானின் யபுசமே பள்ளிகளில் மரக்குதிரை மேல் பழகிவிட்டுத்தான் உயிருள்ள குதிரைக்குப் போகிறார்கள். ஹங்கேரியில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கொழிந்துபோன இந்த வித்தையைக் காஷ்ஷாய் லாயோஷ் என்பவர் 1980-களில் மறுபடி கட்டியெழுப்பி விளையாட்டாக்கினார். அவர் வகுத்த ஓடுபாதை 99 மீட்டர். அதைக் கடக்க எடுக்கும் சில நொடிகளுக்குள் முன்னே வரும் குறி, பக்கத்தில் நிற்கும் குறி, பின்னே விலகும் குறி என்று மூன்று வேறு வில்லாளிகளாக ஒருவன் மாறவேண்டியிருக்கிறது.

இதெல்லாம் தனி மனிதனின் விஷயம். விரும்பி வருகிறான், விழுகிறான், எழுகிறான், முடியாவிட்டால் வீட்டுக்குப் போகிறான். ஆனால் ஓர் அரசு முழுவதும், தன் நடுவயதில், இந்த வித்தையைத் தொடங்கியாக வேண்டும் என்று தீர்மானித்து, அதன் பொருட்டுத் தனக்குள் சண்டையிட்டுக்கொண்ட சம்பவம் ஒன்று சரித்திரத்தில் இருக்கிறது. கி.மு. 307-இல் வட சீனத்தின் ஜாவ் நாட்டில், அரசன் வூலிங் நடத்திய விவாதம் அது. சீனம் தெரியாத நான் இதை ஆங்கில வழியாகவே படித்தேன். இதில் ஒரு ராணுவச் சீர்திருத்தத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்நிய உருவம் ஒன்றை எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்ற கேள்வி, நம் காலத்து இலக்கியச் சண்டைகளில் எழுந்ததைவிடத் தெளிவாக அங்கே எழுந்திருப்பதாகத் தோன்றுகிறது.

1

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜாவ் நாட்டாருக்கு வில் புதிதல்ல, குதிரையும் புதிதல்ல. மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் ஒட்டிச் செய்த வில் அவர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. கி.மு. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறை 1976-இல் தோண்டப்பட்டபோது, நாண் இழுக்கக் கட்டைவிரலில் மாட்டும் பச்சைக்கல் வளையம் கிடைத்திருக்கிறது. உயர்குலத்தான் கற்கவேண்டிய ஆறு கலைகள் என்று பழைய சீனம் வகுத்தவற்றில் வில்லும் ஒன்று, தேரோட்டுவதும் ஒன்று. இரண்டும் தனித்தனிக் கலைகள் என்பதுதான் இங்கே முக்கியம்.

தேரில் மூவர் நின்றார்கள். நடுவில் ஓட்டுகிறவன், இடப்பக்கம் வில்லாளி, வலப்பக்கம் நீண்ட ஆயுதம் ஏந்தியவன். குதிரையை அறிகிறவன் ஒருவன், குறியை அறிகிறவன் வேறொருவன். இந்தப் பிரிவினை போர்முறையோடு நிற்கவில்லை. யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் யாருக்கு வணங்குவது, எத்தனை தேர் வைத்திருப்பவன் எத்தகைய மனிதன் என்பதெல்லாம் அதோடு சேர்ந்தே வந்தது. வில்லும் அப்படித்தான். வில்லாளிகள் வணங்கி மேடையேறி, எய்து, இறங்கி, மதுவருந்தும் போட்டி ஒரு சடங்கு. அதில் ஜெயிப்பதைவிட ஒழுங்காக நிற்பது பெரிது என்று கன்ஃபூசியஸ் மரபு கருதியது. அந்த வில்லாளியின் உடையும் அதற்கேற்றது: நீண்ட கைகளுள்ள அங்கி, கீழே பாவாடை போன்ற ஆடை, உள்ளே கால்களுக்குத் தனித்தனி உறை மாதிரித் துணி. இரு கால்களையும் கவட்டில் சேர்த்துத் தைத்த கால்சட்டை இல்லை. நிற்பதற்கும் வணங்குவதற்கும் தேரில் ஏறுவதற்கும் பொருத்தமான உடை. குதிரையின் முதுகில் இருபுறமும் கால்போட்டு உட்கார மட்டும் அது உதவாது.

ஆக, குதிரை மேல் ஏறி அம்பு எய்வது என்றால் மூன்று பேர் செய்ததை ஓர் உடம்பு செய்வது. அங்கவடியும் அந்தக் காலத்தில் இல்லை. கால் ஊன்ற இரட்டை வளையம் சீனத்தில் வருவதற்கு இன்னும் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகவேண்டும். தொடையின் பிடி ஒன்றுதான் ஆதாரம். அந்தப் பிடிக்குக் குறுக்கே நிற்பது துணி.

2

வடக்கே இருந்தவர்களைச் சீனர்கள் ஹூ என்று பொதுப்பெயரிட்டு அழைத்தார்கள். லின்ஹூ, லோவ்ஃபான் என்று அவர்களில் பல கூட்டங்கள். இவர்கள் தங்களைப் பற்றி எதுவும் எழுதிவைக்கவில்லை. பின்னால் வந்த ஸியோங்நு மக்களைப் பற்றி, கி.மு. 100-ஐ ஒட்டி எழுதிய ஸிமா ச்சியன் தரும் சித்திரம் நமக்குக் கிடைக்கிறது. அங்கே சிறு பிள்ளைகள் செம்மறியாட்டின் மேல் ஏறிச் சவாரி செய்து பறவைகளையும் எலிகளையும் எய்கின்றன. கொஞ்சம் வளர்ந்ததும் நரியும் முயலும். பிறகு எல்லோரும் போர்வீரர்கள்.

இந்தச் சித்திரத்தில் ஒன்று இல்லை, துவக்கம் இல்லை. ஆட்டின் மேல் உட்கார்ந்த பிள்ளை எந்த நாளில் வித்தையைக் கற்கத் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. மொழியை எந்த நாளில் பேசத் தொடங்கினோம் என்று நமக்குத் தெரியாதது போல. அவனுக்கு விவாதம் தேவைப்படவில்லை, கால்சட்டை போடலாமா என்று யாரையும் கேட்கவில்லை. கால்சட்டை அவன் வாழ்க்கையில் குதிரையோடு சேர்ந்தே வந்தது. துர்ஃபான் பகுதியில் யாங்ஹாய் இடுகாட்டில் கிடைத்த கம்பளிக் கால்சட்டைகளுக்கு மூவாயிரம் வயது என்று 2014-இல் கணித்திருக்கிறார்கள். கவட்டில் அகலமான தனித்துண்டு வைத்து, காலை விரித்து உட்கார்வதற்கென்றே நெய்தது அது. நான் தினமும் வங்கிக்குப் போட்டுக்கொண்டு போகும் இந்த உடை அடிப்படையில் ஒரு குதிரைக்காரனின் உடை என்பதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் நினைப்பதில்லை.

துவக்கம் என்பது வெளியிலிருந்து வருகிறவனுக்கு மட்டுமே உண்டு. உள்ளே பிறந்தவனுக்கு அது பழக்கம். தாமதமாக வந்தவனுக்குத்தான் அது முடிவு, கூச்சம், வாதம், எழுத்து. அதனால்தான் இந்த வித்தையில் யாருக்கும் இணையில்லாதிருந்த ஹூக்களிடமிருந்து ஒரு வரியும் நமக்கு வரவில்லை. கற்கத் தடுமாறிய ஜாவ் நாட்டிலிருந்து ஒரு முழு விவாதம் வந்திருக்கிறது.

3

ஜாவ் நாட்டின் நிலைமை மோசமாக இருந்தது. மேற்கே ச்சின், கிழக்கே ச்சி, வடகிழக்கே யென், வடக்கெங்கும் ஹூக்கள். போதாக்குறைக்கு நாட்டின் வயிற்றுக்குள்ளேயே ஜோங்ஷான் என்ற சிறிய அரசு. ஒரு தலைமுறைக்கு முன் ச்சி நாட்டின் பலத்தோடு ஜோங்ஷான் படையெடுத்து வந்து, ஹாவ் என்ற ஊரைச் சுற்றி நீரைத் திருப்பிவிட்டது. ஊர் மயிரிழையில் தப்பியது. அந்த அவமானம் அரச குடும்பத்தில் ஆறவில்லை.

வூலிங் கி.மு. 325-இல் பட்டத்துக்கு வந்தவன். பத்தொன்பதாம் ஆட்சியாண்டில், வருடத் துவக்கத்தில், அமைச்சன் ஃபெய் யீயை அழைத்து ஐந்து நாள் பேசியதாகவும், பிறகு வடக்கெல்லை முழுவதும் சுற்றிப் பார்த்ததாகவும் ஸிமா ச்சியன் எழுதுகிறார். திரும்பியதும் தான் ஹூ உடை அணியப் போவதாக அறிவிக்கிறான். குதிரை வில்லாளிகளைச் சேர்க்கப் போவதாக அவன் முதலில் சொல்லவில்லை, உடையைத்தான் சொல்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவைக்கும் அதுதான் உறைத்தது. லோவ் ஹுவான் என்ற ஒருவர் தவிர யாருக்கும் சம்மதமில்லை.

அரசன் ஃபெய் யீயிடம் மனந்திறக்கும் இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹூ உடையின் பயனில் தனக்குச் சந்தேகமில்லை, உலகம் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பதே பயம் என்கிறான். பல நாடுகளோடு போரிட்ட அரசனுக்குச் சிரிப்பு பயமாக இருக்கிறது. இதில் ஆச்சரியமில்லை. எந்த வித்தையையும் வளர்ந்த வயதில் தொடங்குகிறவன் முதலில் சந்திப்பது ஆபத்தை அல்ல, கேலியை. ஃபெய் யீ பழைய உதாரணங்களைக் காட்டித் தேற்றுகிறார். புராண அரசன் ஷுன் அந்நியரான மியாவ் மக்களிடையே நடனமாடியதையும், யூ ஆடையில்லாதவர் நாட்டில் ஆடையைக் களைந்ததையும் நினைவூட்டுகிறார். புதியதைச் செய்வதற்கும் பழையதிலிருந்துதான் அனுமதி தேட வேண்டியிருக்கிறது.

பிறகு அரசன் தன் சிறிய தகப்பன் கோங்சு ச்செங்கிடம் ஆளனுப்புகிறான். குடும்பத்தில் மூத்தவர் உடையை மாற்றினால் நாடு மாற்றும் என்பது எண்ணம். அவர் உடம்பு சரியில்லை என்று அவைக்கு வராமலிருக்கிறார். அவர் சொல்லியனுப்பும் பதிலை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. இந்த மத்திய நாடுகள் அறிவுடையோர் வாழும் இடம். கவிதையும் ஆவணமும் சடங்கும் இசையும் புழங்கும் இடம். தூரத்தவர் பார்த்துக் கற்றுப்போக வரும் இடம். இதை விட்டுத் தூரத்தவர் உடையை எடுப்பது முன்னோர் போதனையையும் மனிதர் மனத்தையும் சேர்த்துக் குலைப்பது என்கிறார். இதன் சாரம்: உடை உடை மட்டுமல்ல.

அரசன் தானே அவர் வீட்டுக்குப் போகிறான். உடை பயனுக்காக வந்தது, சடங்கு காரியத்துக்காக வந்தது என்று வாதிடுகிறான். தெற்கே தலைமயிரைக் கத்தரித்துப் பச்சை குத்திக்கொள்ளும் மக்களும், பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ளும் மக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய ஒழுங்கு உண்டு என்கிறான். பிறகு எல்லைகளை ஒவ்வொன்றாக எண்ணி, எதையும் காக்கக் குதிரை வில்லாளிகள் இல்லாததைச் சுட்டி, ஹாவ் நகர அவமானத்தை நினைவுபடுத்துகிறான். கிழவர் இசைகிறார். அரசன் தந்த ஹூ உடையை அணிந்து மறுநாள் அவைக்கு வருகிறார். அதற்கப்புறமும் அவையில் எதிர்ப்பு அடங்கவில்லை. அங்கே அரசன் ஒரு பழமொழியைக் கையாள்கிறான். புத்தகத்தைப் பார்த்துத் தேரோட்டுகிறவனுக்குக் குதிரையின் இயல்பு முழுதும் வசப்படாது என்பது அதன் கருத்து. தேரின் காலம் முடிந்தது என்று சொல்லத் தேரோட்டியின் பழமொழியே உதவுகிறது.

இந்த உரைகள் அப்படியே பேசப்பட்டவை என்று நம்பத் தேவையில்லை. ஸிமா ச்சியன் எழுதியது இருநூறு ஆண்டுகள் கழித்து. ‘போரிடும் நாடுகளின் சூழ்ச்சிகள்’ என்ற தொகுப்பிலும் இதே விவாதம் வருகிறது, அதை ஜே. ஐ. க்ரம்ப் 1970-இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். இன்னும் சுவையான விஷயம், ச்சின் நாட்டுச் சீர்திருத்தக்காரன் ஷாங் யாங் அவன் அரசன்முன் பேசியதாக வேறொரு நூலில் உள்ள விவாதத்தோடு இதன் பல வாக்கியங்கள் ஒத்துப்போகின்றன. எது எதிலிருந்து எடுத்தது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. இரவல் உடைக்கு ஆதரவான வாதம் இரவல் வாக்கியங்களில் வந்திருக்கிறது என்பது போதும்.

4

இந்த விவாதத்தை வழக்கமாக முற்போக்கு அரசன், பிற்போக்குச் சித்தப்பா என்று படித்துவிடுகிறார்கள். சீனப் பள்ளிப்பாடத்திலும் மேடையிலும் வூலிங் துணிச்சலான சீர்திருத்தக்காரன். எனக்கு இது போதுமானதாகப் படவில்லை.

கோங்சு ச்செங் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். கால்சட்டை போட்டால் கால்சட்டையோடு விஷயம் நிற்காது. தேரில் மூவர் நின்ற ஒழுங்கு போகும். வில் சடங்காக இருந்த நிலை போகும். யார் வீரன் என்ற கேள்விக்குப் பதில் மாறும். தேர் வைத்திருந்த குலத்தான் இருந்த இடத்துக்கு, எல்லைப்புறத்தில் குதிரையோடு வளர்ந்த பெயரில்லாதவன் வருவான். நடக்கும் விதமும் உட்காரும் விதமும் மாறிய மனிதன் பழைய மனிதன் அல்ல. இதை அவர் கண்டுகொண்டார். புதிய உருவத்தை எதிர்க்கிறவர்கள் சில சமயம் அதன் ஆழத்தை, ஆதரிக்கிறவர்களைவிட நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். ஆதரிக்கிறவர்கள் ‘இது வெறும் உருவம்தானே, உள்ளடக்கம் நம்முடையது’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சீனத்திலேயே இந்தச் சமாதானம் பிறகு கோட்பாடாக ஆயிற்று. 1898-இல் ஜாங் ஜீடோங் என்ற உயர் அதிகாரி, சீனக் கல்வி சாரமாகவும் மேலைக் கல்வி பயன்பாட்டுக்காகவும் இருக்கட்டும் என்ற பொருளில் எழுதினார். பீரங்கியும் ரயிலும் அவர்களுடையது, ஆத்மா நம்முடையது என்ற பாகுபாடு. இந்தப் பாகுபாடு நமக்கும் புதிதல்ல. புதுக்கவிதையை ‘இரவல்’ என்று வைதவர்களுக்கு நம்மில் பலர் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுதான்: சட்டை அந்நியம், உடல் தமிழ். வைதவர்களும் பதில் சொன்னவர்களும் ஒரே அனுமானத்தில் நின்றார்கள். உடலையும் சட்டையையும் பிரித்துவிடலாம் என்பது அந்த அனுமானம்.

வூலிங் இந்தப் பிரிவினைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. உடை வெறும் வெளிப்புறம், சடங்கு பத்திரமாக உள்ளே இருக்கும் என்று அவன் சித்தப்பாவைத் தேற்றவில்லை. சடங்கும் ஒரு நாள் யாரோ ஒருவருடைய தேவைக்காக உண்டாக்கப்பட்டதுதான் என்று அவர் நிற்கும் தரையையே தோண்டினான். கடுமையான பதில் இது, ஆனால் நேர்மையானது. மாற்றம் உள்ளே போகும் என்று சித்தப்பா சொன்னார். போகட்டும் என்றான் அரசன். இருவரும் ஒரே உண்மையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் அதைக் கண்டு நின்றார், மற்றவன் அதைக் கண்டும் நடந்தான்.

குதிரை மேல் அமர்ந்து பழகுகிறவனின் உடம்பிலும் இதே விவாதம் நடக்கிறது. கைக்குக் கடிவாளம் வேண்டும்; அதுதான் அதன் நீண்டநாள் பாதுகாப்பு. ஒரு கையில் கடிவாளத்தையும் மறு கையில் வில்லையும் வைத்துக்கொண்டு அவன் எத்தனை நாள் சுற்றிவந்தாலும் ஒரு அம்பும் எய்ய முடியாது. சாரத்தையும் பயன்பாட்டையும் இரண்டு கையில் பிடிக்கிறவனின் ஸ்திதி அதுதான்.

ஆனால் அரசனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவன் அரசன். சித்தப்பாவை அவன் வாதத்தால் மட்டும் வெல்லவில்லை. வீட்டில் பெரியவருக்குப் பணிவது போல நாட்டில் அரசனுக்குப் பணிய வேண்டும் என்று தூதன் மூலம் முதலிலேயே சொல்லியனுப்பியிருந்தான். எந்தச் சடங்கை மாற்ற வந்தானோ அந்தச் சடங்கின் அதிகாரத்தைக் கொண்டே மாற்றினான். இந்த முரண்பாட்டை அவனுடைய துதிபாடிகள் பேசுவதில்லை.

5

பலன் கிடைத்தது, அதுவும் சீக்கிரம். அடுத்த ஆண்டுகளிலேயே படை மேற்கே ஹூக்களின் நிலத்துக்குள் போனது. லின்ஹூத் தலைவன் குதிரைகளைக் காணிக்கையாகத் தந்தான். ஜாவ் அதிகாரி ஒருவன் ஹூக்களுக்குப் பொறுப்பாக வைக்கப்பட்டு, அவர்களிலிருந்தே வீரர்களைத் திரட்டினான். வித்தையோடு வித்தைக்காரனும் வந்தான் என்பது முக்கியமான செய்தி. உடையை ஆணையிட்டு மாற்றிவிடலாம். ஆட்டின் மேல் கழிந்த குழந்தைப்பருவத்தை ஆணையிட்டு வரவழைக்க முடியாது. கி.மு. 296-இல் ஜோங்ஷான் அழிந்தது.

அழிந்த ஜோங்ஷானைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் ஆளும் குலம் வடக்கத்திய ‘காட்டுமிராண்டி’ வழி வந்தது என்பது பழைய சீன நூல்களின் கணக்கு. 1970-களில் ஹபெய் மாகாணத்தில் அந்நாட்டு அரசன் ஒருவனின் கல்லறையைத் தோண்டினார்கள். வூலிங்கின் சமகாலத்தவன் அவன். அங்கே கிடைத்த வெண்கலக் கலம் ஒன்றில் 469 எழுத்துக்கள் கொண்ட வாசகம் இருக்கிறது. அதில் பேசுவது அரசனின் கடமை, அமைச்சனின் விசுவாசம், முன்னோர் நெறி. எல்லாம் சுத்தமான மத்திய நாட்டு மொழி. கோங்சு ச்செங் பெருமையோடு சொன்ன அதே கவிதையையும் சடங்கையும் தூரத்தவர் வந்து கற்றுப்போயிருக்கிறார்கள், கற்றுத் தம்முடையதாக்கியுமிருக்கிறார்கள். சீனத்தை உடுத்திக்கொண்ட ஹூ வழியினரை ஹூவை உடுத்திக்கொண்ட சீனர்கள் அழித்தார்கள். பண்பாட்டைக் கற்றவன் தோற்றான், ஆயுதத்தைக் கற்றவன் வென்றான் என்று இதைச் சுருக்க எனக்கு விருப்பமில்லை. இரு பக்கமும் இரவல்காரர்களே இருந்தார்கள், சுத்தமான மரபு என்ற ஒன்று அந்தக் களத்தில் எங்குமே இல்லை என்பதுதான் எனக்குப் படுகிறது.

பிறகு சுவர். லின்ஹூவையும் லோவ்ஃபானையும் முறியடித்தபின், வூலிங் யின் மலையடிவாரம் நெடுக நீண்ட மதில் கட்டினான். யாரிடமிருந்து உடையும் குதிரையும் வித்தையும் ஆளும் வந்தனவோ அவர்கள் உள்ளே வராமலிருக்க. வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இந்த மனநிலை பரிச்சயமானது. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். இரவலை ஒளிக்கும் அவசரம் இரவலைவிட அசிங்கமானது. பின்னாளில் ஜாவ் தளபதி லீ மூ, ஸியோங்நுவை முறியடிக்க 13,000 குதிரை வீரர்களைத் திரட்டியதாக ஸிமா ச்சியன் கணக்குத் தருகிறார். 1,300 தேர்களும் அதே கணக்கில் உள்ளன. தேர் உடனே போய்விடவில்லை. பழைய உருவம் புதியதன் பக்கத்திலேயே நெடுநாள் நின்றுகொண்டிருந்தது.

அரசனின் முடிவு வேறு மாதிரி. கி.மு. 299-இல் இளைய மகனுக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் படையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டான். இன்னொரு தடவை உடை மாற்றி, தூதன் வேஷத்தில் ச்சின் நாட்டுக்குள் போய் அதன் அரசனை நேரில் பார்த்துத் திரும்பினான். கி.மு. 295-இல் மூத்த மகன் கலகம் செய்தான். அதில் ஃபெய் யீ கொல்லப்பட்டார். தோற்ற மூத்தவன் ஷாச்சியூ அரண்மனையில் தகப்பனிடம் அடைக்கலம் புகுந்தான். அதை முற்றுகையிட்டவர்களில் முதன்மையானவர் கோங்சு ச்செங். மூத்தவன் இறந்தபின்னும் முற்றுகையை விலக்கவில்லை. விலக்கினால் தங்களுக்கு மரணதண்டனைதான் என்று பயந்தார்கள். உள்ளே இருந்தவர்களை வெளியே அழைத்துவிட்டு அரசனைத் தனியே விட்டார்கள். குருவிக்கூடுகளில் குஞ்சு தேடித் தின்று, மூன்று மாதத்துக்கு மேல் கழித்து, வூலிங் பட்டினியால் செத்தான்.

இதை உடைக்குச் சித்தப்பா வாங்கிய பழி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வாரிசுச் சண்டை, பயம், அதிகாரம் எல்லாம் போதுமான காரணங்கள். அந்த உடையை அணிய ஒப்புக்கொண்ட மனிதர், அதே அரசனைக் காப்பாற்ற எந்தக் கடமையையும் உணரவில்லை என்பது மட்டும் தெரிகிறது. உடை மாறினால் மனிதன் மாறுவான் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். எந்தத் திசையில் மாறுவான் என்பது உடை தந்தவன் கையில் இல்லை.

ஜாவ் நாடும் நிலைக்கவில்லை. கி.மு. 260-இல் ச்சாங்பிங்கில் ச்சின் படையிடம் நொறுங்கி, கி.மு. 228-இல் தலைநகரம் ஹான்டானை இழந்தது. வென்ற ச்சின், சீனம் முழுவதையும் ஒன்றாக்கிய முதல் பேரரசாயிற்று. அந்தப் பேரரசனின் கல்லறையருகே சுட்டமண் வீரர்கள் புதைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். 1976-இல் கண்டுபிடித்த இரண்டாம் குழியில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைவீரர்கள் இருக்கிறார்கள். ஆளுயரக் களிமண் குதிரைகள். முதுகில் சேணம், அங்கவடி இல்லை. பக்கத்தில் நிற்கும் வீரனுக்குக் குட்டைச் சட்டை, ஒடுங்கிய கை, கீழே கால்சட்டை.

வூலிங் சிரிப்புக்குப் பயந்த நாளிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷம். அந்த வீரர்களின் முகத்தில் தாங்கள் அந்நிய உடையில் நிற்கிறோம் என்ற பிரக்ஞை கொஞ்சமும் இல்லை. கடிவாளம் பிடிப்பதற்காக மடக்கிய விரல்கள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன.